நீர் தெளிந்திருக்கும்போதே: டௌபோ ஏரியில் நைட்ரஜனுக்கு வரம்பு கட்டிய வட்டார மன்றம்

கருப்பும் வெள்ளையுமாகப் பூசிய வட்டத்தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கிக்கொண்டே போய், அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்வது ஏரியின் தெளிவை அளக்கும் எளிய முறை. நியூசிலாந்தின் வடக்குத் தீவின் நடுவில் இருக்கும் டௌபோ ஏரியில் அந்த ஆழம் 14.6 மீட்டராக இருக்க வேண்டும் என்று வைக்காட்டோ வட்டார மன்றத்தின் திட்ட ஆவணம் வரையறுத்திருக்கிறது. ஒரு கன மீட்டர் நீரில் மொத்த நைட்ரஜன் 70.3 மில்லிகிராம், மொத்தப் பாஸ்பரஸ் 5.57 மில்லிகிராம், பாசியின் பெருக்கத்தைக் காட்டும் பச்சையம் 1.18 மில்லிகிராம் என்பவை அதே அட்டவணையில் உள்ள மற்ற எண்கள். இவை 2001ஆம் ஆண்டளவில் ஏரி இருந்த நிலையைக் குறிப்பவை. 2080ஆம் ஆண்டில் ஏரி மறுபடியும் இந்த நிலைக்கு வந்து சேர வேண்டும் என்பதே மன்றம் தனக்கு விதித்துக்கொண்ட இலக்கு.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உழைத்துப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதை இலக்காக வைக்கும் நிர்வாகத்தைக் காண்பது அரிது. அந்த இலக்கு ஏன் அப்படி அமைந்தது, அதை எட்ட மன்றம் எந்தச் சட்ட அதிகாரத்தைக் கையில் எடுத்தது, சுமையை யார் தலையில் எவ்வளவு ஏற்றியது என்பவற்றை இந்த ஆய்வு பார்க்கிறது. மன்றம் செய்ததில் மிகப் பெரிய காரியம், ஏரி கெட்டுப்போவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெளிவாக இருந்த நாளிலேயே, ஒவ்வொரு பண்ணையின் மீதும், ஆண்டுக்கு இவ்வளவு நைட்ரஜன்தான் கசியலாம் என்ற ஓர் எண்ணைப் பதித்ததுதான் என்பது என் முடிவு. அந்த எண் பங்கிடப்பட்ட விதத்தில் ஒரு நியாயக்குறை தங்கிவிட்டது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏரியும் அதைச் சுற்றிய நிலமும்

டௌபோ என்பது மனிதர் கரை கட்டித் தேக்கிய நீர்நிலை அன்று. சுமார் 25,500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் தரை உள்வாங்கி உண்டான பள்ளத்தில் நிற்கும் நீர் அது; ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் அதே எரிமலை மீண்டும் வெடித்து, சுற்றுப்புறம் முழுவதையும் நுரைக்கல் துகளால் மூடியது. பரப்பு சுமார் 616 சதுர கிலோமீட்டர். மிகு ஆழம் 186 மீட்டர் அளவில். நியூசிலாந்தில் இதைவிடப் பெரிய ஏரி இல்லை. இதிலிருந்து புறப்படும் வைக்காட்டோ ஆறு 425 கிலோமீட்டர் ஓடி, வழியில் எட்டு அணைகளில் மின்சாரம் தந்து, ஆக்லாந்து நகரத்தின் குடிநீரில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டுக் கடலில் கலக்கிறது. ஏரிக்குள் வந்த நீர் முழுவதும் வெளியேறிப் புதுநீர் நிறைய, சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். ஆகவே, உள்ளே சேர்ந்துவிட்ட சத்து அவ்வளவு எளிதில் வெளியே போய்விடாது.

நுரைக்கல் மண்ணைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல் முழுவதற்கும் வேர் அதில் இருக்கிறது. இந்த மண்ணில் மேய்ந்த ஆடுமாடுகள், கண்ணெதிரே புல் செழித்திருந்தும், இளைத்து நோயுற்று இறந்தன. ‘புதர் நோய்’ என்று குடியேறிகள் அழைத்த அந்த நலிவுக்குக் காரணம் மண்ணில் கோபால்ட் இல்லாமையே என்று 1930களில்தான் தெரிந்தது. உரத்தோடு சிறிதளவு கோபால்ட் கலந்து தூவினால் போதும் என்றானபின், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அரசே முன்னின்று புதர்க்காடுகளைத் திருத்தி மேய்ச்சல் நிலமாக்கியது. நாட்டின் மற்றப் பகுதிகளில் நூறாண்டு முந்தியே தொடங்கிவிட்ட கால்நடைப் பண்ணைமுறை, டௌபோவைச் சுற்றி இப்படிக் காலந்தாழ்ந்து வந்தது. ஏரி இன்னமும் தெளிவாக இருப்பதற்கு அந்தத் தாமதமும் ஒரு காரணம்.

இந்த ஏரியில் மிதவைப் பாசி வளர்வதற்குப் பெரிதும் தட்டுப்பாடாக இருப்பது நைட்ரஜன். நம் உழவர்கள் தழைச்சத்து என்று சொல்லும் அதே சத்து. அது கூடினால் பாசி கூடும், பாசி கூடினால் தெளிவு குறையும். மேய்ச்சல் நிலத்தில் குளோவர் என்னும் தீவனப்பூண்டு காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது, உரமும் இடப்படுகிறது. புல்லோடு உண்ட நைட்ரஜனில் பெரும்பகுதியை மாடு சிறுநீராக வெளியே விடுகிறது. மாடு நின்று சிறுநீர் விட்ட அந்தச் சிறு திட்டில் விழும் நைட்ரஜனை ஹெக்டேர்க் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் 1,000 கிலோவை நெருங்கும். அங்குள்ள புல்லால் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மிஞ்சியது நைட்ரேட்டாக மாறி, குளிர்கால மழையோடு நுரைக்கல்லின் துளைகள் வழியே கீழிறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, பல பத்தாண்டுகள் கழித்து ஏதேனும் ஓர் ஓடையிலோ ஏரியின் அடித்தரை ஊற்றிலோ வெளிப்படுகிறது.

இந்தப் பகுதிக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று முன்பே இருந்தது. 1970களில் மண்ணரிப்பைத் தடுக்க ஓடைக்கரைகளுக்கு வேலியிட்டு, மரம் நட்டு, ஏரிக்கரை நிலங்களை ஒதுக்கி வைத்தார்கள். அது பயன் தந்தது. ஆனால் தரைமேல் ஓடிவரும் மண்ணையும் அதோடு ஒட்டிவரும் பாஸ்பரஸையும்தான் வேலியும் மரமும் நிறுத்தும். நைட்ரேட் வேலிக்கு அடியில் போய்விடும். 1990களின் பிற்பகுதியில் ஏரியின் நடுப்பகுதியிலும் ஓடைகளிலும் எடுத்த தொடர் அளவீடுகள் இதைத்தான் காட்டின. மேய்ச்சல் நிலங்களிலிருந்து வரும் ஓடைகளில் நைட்ரஜன் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நீரோ முந்தைய தலைமுறையின் பண்ணைகளில் பெய்த மழை. இன்றைய மாடுகளின் பங்கு இன்னும் ஏரிக்கு வந்து சேரவே இல்லை.

மன்றத்தின் கையில் இருந்த அதிகாரம்

நியூசிலாந்தின் வட்டார மன்றங்கள் 1989ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சீர்திருத்தத்தில் உருவானவை. பதினொரு மன்றங்கள் இருக்கின்றன. அவற்றின் எல்லைகள் பெரும்பாலும் ஆற்றுப்படுகைகளின் நீர்ப்பிரிமேடுகளைத் தழுவி வரையப்பட்டவை. குப்பை அள்ளுவது, ஊர்ச்சாலை போடுவது, கட்டட அனுமதி தருவது ஆகியவை மாவட்ட, நகர மன்றங்களின் வேலை. நீர், காற்று, மண், கடற்கரை ஆகியவை வட்டார மன்றத்தின் பொறுப்பு. தண்ணீர் எல்லையை ஆட்சி எல்லையாக்கிய இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். மேட்டில் கழிவை விடுபவரும் பள்ளத்தில் அதைப் பெறுபவரும் ஒரே மன்றத்துக்கு வாக்களிக்கிறார்கள், ஒரே மன்றத்துக்கு வரி கட்டுகிறார்கள்.

இந்த மன்றங்களுக்குச் சட்ட வலு தந்தது 1991ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டம். குழாய் வழியே ஆற்றில் கழிவு விடுவதை அச்சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. மன்றத்தின் விதியோ அனுமதியோ இருந்தால்தான் விட முடியும். ஆனால் நிலப் பயன்பாட்டுக்கு நேர்மாறான நிலை: மன்றத்தின் விதி எதுவும் தடுக்காதவரை நிலத்தில் எதையும் செய்யலாம். பண்ணையில் மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவது நிலப் பயன்பாடு. யாரும் குழாய் வைக்கவில்லை. யாரும் கழிவைக் கொட்டவில்லை. நைட்ரஜனைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், நீர்த்தரத்தைக் காக்க நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தலாம் என்று அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு வட்டார மன்றங்களுக்குத் தரும் அதிகாரத்தை எடுத்து, பண்ணைத் தொழிலையே அனுமதி தேவைப்படும் செயலாக மாற்ற வேண்டியிருந்தது. மாவட்ட மன்றம் புதிய விதி போட்டால் முன்பிருந்தே நடந்துவரும் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. வட்டார மன்றத்தின் விதிக்கு எதிராக அத்தகைய நிரந்தரப் பாதுகாப்பு இல்லை. ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகச் செய்துவந்த தொழிலுக்கும் புதிதாக அனுமதி கேட்கச் சொல்ல அதனால் முடிந்தது. இப்படிப்பட்ட விதியால் நிலத்தின் மதிப்பு குறைந்தால் அதற்கு இழப்பீடு கேட்கும் உரிமையையும் அச்சட்டம் தரவில்லை.

சட்டம் இவ்வளவு வலுவாக இருந்தும், அதை மட்டும் நம்பி மன்றம் இறங்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது.

பேச்சில் கழிந்த பத்தாண்டு

2000ஆம் ஆண்டை ஒட்டி மன்றம் தன் கவலையை வெளிப்படையாகச் சொன்னது. நாட்டில் பால் பண்ணைகள் வேகமாகப் பெருகிவந்த காலம் அது. ஆடும் இறைச்சி மாடும் வளர்த்த டௌபோ பண்ணையாளர்களுக்கும் அடுத்த படி பால்தான் என்ற எண்ணம் இருந்தது. ஏரி தெளிவாக இருக்கிறது, நீந்துகிறோம், ட்ரௌட் மீன் பிடிக்கிறோம், பிறகு எதற்குக் கட்டுப்பாடு என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பண்ணையாளர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பை உண்டாக்கி, அறிவியல் தரவுகளைத் தாங்களே கேட்டு வாங்கிப் பார்த்து, மன்றத்தோடு மேசையில் உட்கார்ந்து வாதிட்டார்கள்.

மேசையில் இன்னொரு தரப்பும் இருந்தது. முறைப்படி பார்த்தால் முதல் தரப்பு அதுதான். ஏரியின் அடித்தரை ங்காட்டி தூஃபரெட்டோவா என்னும் மாவோரிப் பூர்வகுடி இனக்குழுவுக்குச் சொந்தம். 1926இல் அரசு அதைச் சட்டத்தின் மூலம் எடுத்துக்கொண்டது. 1992இல் ஓர் ஒப்பந்தத்தின் வழியே உரிமையை அவர்களின் அறநிலைய வாரியத்துக்குத் திருப்பித் தந்தது. 2007இல் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் தனியார் நிலத்தின் பெரும்பங்கும் அவர்களுடைய கூட்டு நிலங்களே. ஏரியைக் காப்பதும் அவர்களின் கடமை, அந்த நிலத்திலிருந்து மக்களுக்கு வாழ்வு தேடுவதும் அவர்களின் கடமை. இந்த இரண்டுக்கும் இடையில் அவர்கள் நின்ற நிலையை வேறு எந்தத் தரப்பும் முழுமையாக அனுபவித்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஏரியின் முழுப்பெயரான டௌபோ-நுயி-ஆ-தியா என்பதைத் தாங்கிய கூட்டுச் செயல்திட்டம் 2004இல் வெளியானது. வட்டாரத் திட்டத்தின் ஐந்தாம் திருத்தம் என்ற பெயரில் விதிகள் 2005 ஜூலையில் அறிவிக்கப்பட்டன. மன்றத்தின் தீர்மானம் 2007இல் வந்தது. மேல்முறையீடுகளைச் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2008இல் விசாரித்தது. 2011 ஜூலையில் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. மன்றம் முதலில் தன் கவலையைச் சொன்னதிலிருந்து பதினோராண்டு. நீண்ட காலம்தான். ஆனால் அந்தப் பதினோராண்டும் கசிவு கூடாதபடி மன்றம் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்திருந்தது.

எண்ணைப் பண்ணைக்குள் கொண்டு போனது

‘வரம்பு வரப்போகிறது, முன்பு நீங்கள் செய்துவந்த அளவே உங்கள் உரிமையாகும்’ என்று அறிவித்துவிட்டு விதியை எழுத ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டால், அந்த ஆறு ஆண்டில் எல்லோரும் மாடுகளைக் கூட்டி உரிமையைப் பெருக்கிக்கொள்வார்கள். இதைத் தவிர்க்க, 2001 ஜூலை முதல் 2005 ஜூன் வரையிலான நான்கு ஆண்டுகளை மட்டும் அடிப்படைக் காலமாக மன்றம் எடுத்துக்கொண்டது. அதன்பின் கூட்டியது எதுவும் கணக்கில் சேராது. அந்த நான்கு ஆண்டுகளில் எந்த ஓராண்டில் பண்ணையின் கசிவு மிக அதிகமோ அந்த ஆண்டின் அளவே அப்பண்ணையின் உரிமை என்றும் ஏற்றுக்கொண்டது. வறட்சியோ விலைவீழ்ச்சியோ வந்து மந்தையைக் குறைத்திருந்த ஓர் ஆண்டை வைத்து யாரையும் வாழ்நாள் முழுதும் கட்டிப்போடக் கூடாது என்பது அதன் நோக்கம்; பண்ணையாளர்கள் மேசைக்கு வந்ததற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

கால்நடை எண்ணிக்கை, உரம் வாங்கிய ரசீது, விற்ற கம்பளி, இறைச்சி, பால் ஆகியவற்றின் கணக்கு இவற்றைக் கொண்டு ஓவர்சீர் என்னும் கணினி மாதிரியில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஆண்டுக்கு இத்தனை கிலோ நைட்ரஜன் என்று கணக்கிட்டார்கள். மன்றத்தின் அலுவலர்கள் பண்ணை வீட்டுச் சமையலறை மேசையில் பழைய கணக்கேடுகளை விரித்து வைத்துக்கொண்டு செய்த வேலை இது. கசிவு மிகக் குறைந்த, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 8 கிலோவுக்கு உட்பட்ட நிலப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி தேவையில்லை என்று விட்டுவிட்டு, மற்றவர்களிடம் மட்டும் இந்தக் கணக்கைக் கேட்டார்கள்.

எண் கிடைத்தபின் பண்ணையாளருக்கு ஒரு சுதந்திரமும் கிடைத்தது. எத்தனை மாடு வைக்க வேண்டும், எப்போது உரமிட வேண்டும் என்று மன்றம் சொல்லாது. மொத்தக் கசிவு உரிமையைத் தாண்டாதபடி எப்படி வேண்டுமானாலும் பண்ணையை நடத்தலாம். ஒருவர் தம் உரிமையில் ஒரு பகுதியை அதே நீர்ப்பிடிப்புப் பகுதியில் உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். குழாய் இல்லாமல் பரவலாகக் கசியும் வேளாண் நைட்ரஜனுக்கு மொத்த வரம்பு கட்டி, அதற்குள் கைமாற்றத்தை அனுமதித்த ஏற்பாடுகளில் உலகிலேயே முதலாவது என்று இது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

யாருக்கு எவ்வளவு

முன்பு கசியவிட்ட அளவே இனி உரிமை என்ற கொள்கையில் ஒரு கசப்பு இருக்கிறது. அதிகம் கசியவிட்டவருக்கு அதிக உரிமை. நிலத்தைக் காடாகவோ புதராகவோ விட்டு வைத்திருந்தவருக்கு ஏறத்தாழ ஒன்றும் இல்லை. ஏரியின் தெளிவுக்கு யார் காரணமோ அவர்களுக்கே இனி வழியில்லை. வனத்தோட்டத் தரப்பு இதை நீதிமன்றத்தில் எதிர்த்தது. நிலத்தின் பரப்பையோ தன்மையையோ வைத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்ற வாதம் வைக்கப்பட்டது. ஏற்கெனவே முதலீடு செய்து, கடன் வாங்கி, பண்ணை நடத்துபவரிடமிருந்து பிடுங்கி மரம் வளர்ப்பவருக்குத் தந்தால் பண்ணைகள் உடனே முறிந்துபோகும் என்ற எதிர்வாதத்தின் பக்கம் நீதிமன்றம் நின்றது. அடிப்படைக் காலக் கணக்கை ஏற்றுக்கொண்டது.

நடைமுறை நோக்கில் அத்தீர்ப்பு சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்காக அதில் உள்ள குறை மறைந்துவிடாது. மாவோரிக் கூட்டு நிலங்கள் பலவும் திருத்தப்படாமல் இருந்ததற்கு விருப்பம் மட்டுமே காரணம் அன்று. நூற்றுக்கணக்கான பங்குதாரர்கள் உள்ள கூட்டு நிலத்தை ஈடுவைத்து வங்கிக் கடன் வாங்குவது கடினம். சாலை வசதி பிந்தியே வந்தது. அரசின் நிலத்திருத்தத் திட்டங்களில் நீண்ட காலம் நிர்வாகம் அவர்கள் கையில் இல்லை. வரலாறு ஒருமுறை அவர்களைப் பின்தங்கச் செய்தது. அந்தப் பின்தங்கலையே அளவுகோலாக வைத்து வரம்பு கட்டியபோது அது நிலைபெற்றுவிட்டது. எந்த மன்றம் இதுபோன்ற வரம்பைக் கட்ட நினைத்தாலும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. டௌபோவில் அதற்கு முழு விடை கிடைக்கவில்லை.

8.15 கோடி டாலர்

வரம்பு கட்டுவது கசிவு மேலும் கூடாமல் தடுக்கும்; அது மட்டும் போதாது. நிலத்தடியில் ஏற்கெனவே இறங்கிவிட்ட நைட்ரஜன் வரும் பல்லாண்டுகளில் ஏரிக்கு வந்தே தீரும். அதை ஈடுகட்ட, மனிதர் கட்டுப்பாட்டுக்குள் வரும் நைட்ரஜனில் 20 விழுக்காட்டை நிரந்தரமாகக் குறைக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியின் நிலத்தில் மேய்ச்சல் நிலம் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் கட்டுப்படுத்தக்கூடிய நைட்ரஜனில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதிலிருந்தே வருகிறது. எனவே குறைப்பும் அங்கேதான் நடந்தாக வேண்டும்.

இந்த 20 விழுக்காட்டைப் பண்ணையாளர் தலையில் மன்றம் ஏற்றவில்லை. 8.15 கோடி நியூசிலாந்து டாலர் கொண்ட பொதுநிதி ஒன்று உருவானது. மத்திய அரசு 45 விழுக்காடும், வட்டார மன்றம் 33 விழுக்காடும், டௌபோ மாவட்ட மன்றம் 22 விழுக்காடும் தந்தன. நிதியைச் செலவிட 2007இல் டௌபோ ஏரிப் பாதுகாப்பு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. விரும்பி வரும் பண்ணையாளரிடமிருந்து கசிவு உரிமையை விலைக்கு வாங்கி நிரந்தரமாக ரத்துசெய்வது அதன் முதன்மை வேலை. சில இடங்களில் பண்ணையையே வாங்கி, அதன் உரிமையைக் குறைத்து, குறைந்த உரிமையோடு மறுபடி விற்றது. முதலில் 153 டன் என்று மதிப்பிடப்பட்ட இலக்கு, எல்லாப் பண்ணைகளின் கணக்கும் முடிந்தபோது மொத்தம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்ததால், 170 டன்னாக உயர்ந்தது. 2015க்குள் அந்த 170 டன்னுக்கும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன.

பொதுநிதியின் பயனைப் பற்றிப் பேசும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. வரம்பு கட்டியதற்காக யாருக்கும் பணம் தரப்படவில்லை. வரம்புக்குக் கீழே இறங்கியதற்கு மட்டுமே தரப்பட்டது. ‘எதிர்காலத்தில் பால் பண்ணையாக மாற்றலாம்’ என்ற நம்பிக்கையோடு சேர்த்து மதிப்பிடப்பட்டிருந்த நிலத்தின் விலையில் அந்த நம்பிக்கையின் பங்கு போய்விட்டது. அதைப் பண்ணைக் குடும்பங்கள் தாங்கிக்கொண்டன. டௌபோ வெற்றியைப் பணத்தால் வாங்கிய வெற்றி என்று சொல்வோர் இந்தப் பகுதியைப் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணமும் சரியான நேரத்தில் துணைக்கு வந்தது. நாட்டின் கார்பன் உமிழ்வு வணிகத் திட்டத்தில் காடு வளர்ப்பு 2008இல் சேர்க்கப்பட்டதால், மேய்ச்சல் நிலத்தில் மரம் நட்டவருக்கு நைட்ரஜன் உரிமையை விற்ற பணத்தோடு கார்பன் வருமானமும் கிடைத்தது. தூஃபரெட்டோவாவின் நில அறக்கட்டளைகள் சில இந்த வழியை எடுத்தன. வேறு சில பண்ணையாளர்கள், கசிவு குறைந்த முறையில் வளர்த்த இறைச்சியை ஏரியின் பெயரிலேயே தனி அடையாளத்தோடு உணவகங்களுக்கு விற்க முயன்றார்கள். மாட்டைக் கூட்ட முடியாதென்றால் ஒரு மாட்டிலிருந்து கிடைக்கும் வருவாயைக் கூட்டுவோம் என்ற அந்த முயற்சி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, சந்தையில் அது சிறு அளவிலேயே நின்றபோதும்.

கணினி மாதிரியை எவ்வளவு நம்புவது

ஒரு பண்ணையின் கசிவை நேராக அளந்து பார்க்க வழியில்லை. நிலத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் நடப்பதை யார் அளப்பது? அதனால்தான் ஓவர்சீர் என்ற மாதிரியை நம்ப வேண்டியிருந்தது. அம்மாதிரி உரப் பரிந்துரைக்காகத் தோன்றியது; சட்ட விதிக்காக எழுதப்பட்டது அன்று. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே பண்ணைக்கு வேறு எண்ணைத் தரும். டௌபோ விதியில் மன்றம் இதற்கொரு வழி கண்டது: அடிப்படைக் கணக்கை 5.4.3 என்ற ஒரே பதிப்பில் செய்து, அதையே விதியிலும் குறிப்பிட்டது. உரிமையையும் அதற்குள் அடங்கும் பண்ணைத் திட்டத்தையும் ஒரே அளவுகோலால் அளந்தால், அளவுகோலில் பிழை இருந்தாலும் ஒப்பீட்டில் அது பெரும்பாலும் கழிந்துவிடும்.

நாடு முழுவதும் பல மன்றங்கள் ஓவர்சீரின் எண்ணை அறுதியான அளவாகக் கொண்டு விதி எழுதின. 2021இல் மத்திய அரசு நியமித்த அறிவியல் குழு அந்த மாதிரியைச் சோதித்து, அது தரும் கசிவு எண்களை அறுதியாக நம்ப இயலாது என்று அறிவித்தபோது அம்மன்றங்கள் இடர்ப்பட்டன. டௌபோவையும் அந்த அறிக்கை தொடாமல் விடவில்லை. எனினும், இங்கே குறைப்பின் பெரும்பகுதி மாடு இருந்த இடத்தில் மரம் நட்டதாலும் மந்தையைக் குறைத்ததாலும் வந்தது. அதை எந்த மாதிரியும் இல்லாமலே வேலியோரம் நின்று பார்த்துச் சொல்லிவிடலாம்.

பக்கத்து ஏரியில் நடந்தது

டௌபோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் ரோட்டோருவா ஏரி இருக்கிறது. அது பே ஆஃப் பிளென்டி வட்டார மன்றத்தின் பொறுப்பில் வருவது. அதே எரிமலை மண், அதே கால்நடை, அதே நிலத்தடித் தாமதம். ஆனால் அந்த ஏரி ஆழம் குறைந்தது. நகரக் கழிவையும் பல்லாண்டுகள் ஏற்றது. அங்கே பாசி பெருகிய பிறகுதான் பெரிய நடவடிக்கை தொடங்கியது. ஓடைகளில் படிகாரம் கலந்து பாஸ்பரஸைக் கட்டிப்போடும் பணி 2006 முதல் நடக்கிறது. ரோட்டோருவாவின் கலங்கிய நீர் அடுத்துள்ள ரோட்டோயிட்டி ஏரியைக் கெடுக்காமல் திருப்பிவிட, ஓஹாவுக் கால்வாயின் வாயிலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள தடுப்புச் சுவர் 2008இல் எழுப்பப்பட்டது. ஆண்டுக்கு 755 டன்னாக மதிப்பிடப்பட்ட நைட்ரஜன் வரத்தை 2032க்குள் 435 டன்னாகக் குறைக்க வேண்டும் என்பது அங்குள்ள இலக்கு. அதாவது, 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட குறைப்பு. டௌபோவில் கேட்டது கட்டுப்படுத்தக்கூடிய பங்கில் 20 விழுக்காடு மட்டுமே.

இரண்டு ஏரிகளின் இயல்பு வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. ஆனாலும் பண்ணையாளரின் இடத்தில் நின்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஏரி தெளிவாக இருந்தபோது கேட்டதால், டௌபோவில் தொழிலை மாற்றிக்கொள்ளக் கால அவகாசமும் ஈடும் தர முடிந்தது. ரோட்டோருவாவில் அதே வேலையைப் படிகாரத்தோடும் சுவரோடும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தது.

நிலத்தடியில் இருக்கும் காலம்

170 டன் குறைந்துவிட்டது என்பதற்கு ஏரியில் இன்று ஆதாரம் தேடினால் கிடைக்காது. மேய்ச்சல் நிலத்தின் சில ஓடைகளில் பழைய நைட்ரஜன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சரியாகச் சொன்னால், திட்டம் முழுமையாக வெற்றி பெற்றாலும் ஏரியின் நிலை சில காலம் சற்று இறங்கி, பிறகே 2001ஆம் ஆண்டு நிலைக்கு ஏற வேண்டும். இலக்கு ஆண்டு 2080 என்று அமைந்ததற்கு இதுவே காரணம்: நிலத்தடி நீரின் நடையைவிட வேகமாக எந்த மன்றத்தாலும் ஏரியைத் திருத்த முடியாது. வெப்பம் கூடும்போது ஏரியின் மேல்நீரும் அடிநீரும் குளிர்காலத்தில் ஒன்றோடொன்று கலக்கும் முறை மாறக்கூடும் என்பது, 2001இல் எண்களை வகுத்தபோது கணக்கில் முழுமையாக வராத இன்னொரு காரணி.

இடைப்பட்ட இந்த ஆண்டுகளில் மன்றத்தின் வேலை பெரும்பாலும் கண்ணில் படாத வகையைச் சேர்ந்தது: பண்ணைகளின் ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பது, உரிமை கைமாறினால் பதிவேட்டைத் திருத்துவது, கிணறுகளிலும் ஓடைகளிலும் நடு ஏரியிலும் மாதிரி எடுத்துக்கொண்டே இருப்பது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திக்கும் உறுப்பினர்கள், தாங்கள் உயிரோடிருந்து பார்க்க முடியாத ஓர் ஆண்டுக்காக இந்தச் செலவை ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் ஒதுக்கியாக வேண்டும்.

அந்த மாதிரி எடுக்கும் பணியில் 2020இல் ஒரு மாற்றம் வந்தது. வள மேலாண்மைச் சட்டம் தோன்றிய நாளிலிருந்தே, மன்றம் தன் பணிகளை மாவோரி இனக்குழுவின் அமைப்புக்கு மாற்றித் தரலாம் என்று அதன் 33ஆம் பிரிவு சொல்லிவந்தது. ஏறத்தாழ முப்பதாண்டுகளாக எந்த மன்றமும் அதைப் பயன்படுத்தி அவ்வாறு மாற்றித் தரவில்லை. வைக்காட்டோ வட்டார மன்றம் முதன்முறையாக அப்பிரிவின்கீழ், டௌபோ நீர்ப்பிடிப்புப் பகுதியின் நீர்த்தரக் கண்காணிப்புப் பணிகளில் சிலவற்றைத் தூஃபரெட்டோவா அறநிலைய வாரியத்துக்கு மாற்றிக் கொடுத்தது. உரிமைப் பங்கீட்டில் நேர்ந்த குறையை இது ஈடுசெய்துவிடாது. ஆனால் அங்கே நீர்க்குப்பியை நிரப்பி, நாளும் இடமும் எழுதி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவோர் இப்போது அந்த ஏரியின் அடித்தரைக்கு உரியவர்கள்.